எட்டணாவுக்கு ஓய்வு கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இன்று சட்டப்படி செல்லும் நாணயங்களிலேயே சிறியது 50 பைசா. ஆனால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்திலோ ஒரு டீக்கடையில் அதை நீட்டிப் பாருங்கள், மாஸ்டர் சிரிப்பார். சட்டம் செல்லும் என்கிறது, கடைத்தெரு செல்லாது என்கிறது. அந்தக் காசை முறைப்படி நிறுத்திவிடலாமா என்பதுதான் இங்கே பேச்சு. மளிகைக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில், கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதையும் மறைக்கவில்லை.

50 பைசா செல்லுமா, செல்லாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

செல்லும். 50 பைசா, 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது.

ஒரு வரம்பு மட்டும் உண்டு. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, 50 பைசா நாணயங்களாக ஒரே நேரத்தில் 10 ரூபாய் வரைதான் கொடுக்க முடியும், அதாவது இருபது காசு. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களுக்கு வரம்பு 1,000 ரூபாய். அதற்கு மேல் கொட்டினால், வாங்க மாட்டேன் என்று சொல்ல எதிராளிக்கு உரிமை இருக்கிறது.

சரி, நிறுத்துவது என்றால் எப்படி? முன்பு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆறு மாதம் முன்பே, 2010 டிசம்பரில், மத்திய அரசு அறிவித்தது. ஜூன் 29 வரை வங்கிகளில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் பெரிதாக அழவில்லை. ஐந்து, பத்து, இருபது பைசாவெல்லாம் அதற்கு வெகு முன்பே கடைகளில் காணாமல் போயிருந்தன.

அதற்கும் முன்னால் நடந்ததுதான் பெரிய மாற்றம். 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு போய், ரூபாய்க்கு நூறு ‘நயா பைசா’ வந்தது. நூறு பைசாவைப் பதினாறு அணாவுக்குப் பங்கிட்டால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. காசை உடைக்க முடியாது, ஆறாகவோ ஏழாகவோ வைத்தாக வேண்டும். நாலணாவும் எட்டணாவும் 25, 50 என்று கச்சிதமாகப் பொருந்தியதால்தான் அந்தப் பெயர்கள் இன்னமும் நம் வாயில் இருக்கின்றன.

நீங்கள் எந்தக் கட்சி?

50 பைசாவை நிறுத்தலாம். ஆனால் தேதி குறித்து, வங்கியில் மாற்ற நேரம் கொடுத்து, பில்லை எப்படிச் சரிக்கட்டுவது என்று விதி எழுதி நிறுத்த வேண்டும். ஒரு ரூபாயை இப்போதைக்குத் தொடக் கூடாது. பைசாக் கணக்கை எப்போதும் தொடக் கூடாது. காசு வேறு, கணக்கு வேறு. அதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

அது தானாகவே ஒழிந்துவிட்டதே, இனி எதற்குத் தனியாக அறிவிப்பு?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது: பத்து ரூபாய் நாணயம்.

அது நல்ல காசு. நடுவில் ஒரு உலோகம், சுற்றி இன்னொன்று. எடையும் பார்வையும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேலே பத்துக் கோடு இருந்தால் அசல், பதினைந்து கோடு இருந்தால் போலி என்று எங்கிருந்தோ ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. ரூபாய்க் குறி உள்ளதுதான் செல்லும் என்று இன்னொன்று. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், அத்தனையும் செல்லும் என்று அறிக்கை விட்டது. 14440 என்ற எண்ணுக்கு அழைத்தால் பதிவு செய்த குரலில் விளக்கமும் கிடைக்கும் என்றது. வதந்தி அடங்கவில்லை. வாடிக்கையாளர் வாங்க மறுப்பதால் கடைக்காரர் வாங்குவதில்லை, கடைக்காரர் வாங்காததால் மொத்த வியாபாரி வாங்குவதில்லை, அவர் வாங்காததால் மறுபடி வாடிக்கையாளர் வாங்குவதில்லை. யாரைக் கேட்டாலும், “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, நான் வாங்கினா யார் வாங்குவா?” என்பதுதான் பதில். அதே காசு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருப் பக்கம் போனால் சாதாரணமாகச் செல்கிறது. ஓசூரிலிருந்து அங்கே வேலைக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2022-இல் தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே 6 லட்சம் ரூபாய் சேர்த்துக் கொண்டுபோய் சேலத்தில் கார் வாங்கியது நாடு முழுக்கச் செய்தியானது. இந்தக் காசு செல்லும் என்று ஊருக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தார். (மேலே சொன்ன 1,000 ரூபாய் வரம்பை வைத்துப் பார்த்தால் அந்த ஷோரூம் மறுத்திருக்கலாம். வாங்கிக்கொண்டது அவர்கள் பெருந்தன்மை.)

காசைச் சட்டம் நிறுத்தினால் அறிவிப்பு வரும், தேதி வரும், வங்கிக் கவுன்ட்டர் திறந்திருக்கும். ஊர் வாய் நிறுத்தினால், கடைசியாக யார் கையில் இருந்ததோ அவர் தலையில் விடியும். பத்து ரூபாய் நாணயத்தில் ஏமாந்தவர்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாக்களும், பஸ்ஸில் இறங்கியதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவர்களும்தான். 50 பைசாவும் ஏறக்குறைய அப்படித்தான் போயிற்று. தொகை சிறியது என்பதால் யாரும் சண்டை போடவில்லை, அவ்வளவுதான். இதில் இன்னொரு கூத்து, நாணயத்தை ஒதுக்கிவிட்டு, நாலாக மடிந்து செலோடேப் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டை மட்டும் எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொள்கிறோம்.

காசை நிறுத்தினால் விலை ஏறிவிடாதா?

ஏறும், ஏறாது, இரண்டும் சரி. பில்லை எங்கே சரிக்கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒருவர் மூன்று சாமான் வாங்குகிறார் என்று வையுங்கள். கிலோ 130 ரூபாய் பருப்பில் கால் கிலோ, 32.50. இன்னொன்று 11.50, மற்றொன்று 7.50. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேலே ஏற்றினால் 33, 12, 8 என்று மொத்தம் 53. கூட்டி முடித்துவிட்டுக் கடைசியில் பார்த்தால் 51.50 தான். அதை 52 ஆக்கினாலும் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் மிச்சம். எனவே முதல் விதி, சாமானுக்குச் சாமான் ஏற்றக் கூடாது, மொத்தத்தில் ஒரே முறைதான் சரிக்கட்ட வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். 50 பைசாவுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு, 50-ம் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்கு என்பது வழக்கமான முறை. ஜிஎஸ்டி சட்டத்தில் வரித்தொகையைச் சரிக்கட்டுவது 170-ஆவது பிரிவின்படி இப்படித்தான். பார்த்தால் நியாயமாகத் தெரியும், பாதி ஏறும், பாதி இறங்கும் என்று. ஆனால் மளிகைக்கடையில் சில்லறை அப்படிப் பரவலாக விழுவதில்லை. கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுக்கும் கடையில் மிச்சம் நிற்பது பெரும்பாலும் 25, 50, 75 தான். 25 இறங்கும், 75 ஏறும், ஒன்றுக்கொன்று சரியாகப் போகும். நடுவில் நிற்கும் 50 மட்டும் எப்போதும் கடைக்காரன் பக்கமே சாயும். அதனால், சரியாக 50 வந்தால் அது வாங்குகிறவருக்குப் போக வேண்டும் என்று விதியில் எழுதச் சொல்வேன். ஒரு கடைக்காரனே இதைச் சொல்வது சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

இப்போது 50 பைசா இல்லாமல்தானே ஓடுகிறது, யாருக்கு நட்டம்?

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர்களுக்கு. மாதச் சம்பளக்காரர் ஒரே சீட்டில் மாதம் முழுவதற்கும் வாங்குகிறார். அவருக்கு மாதத்துக்கு ஒரு முறைதான் பைசா விடுபடும். கல் குவாரிக்கோ செங்கல் சூளைக்கோ கூலி வேலைக்குப் போகிறவர் சாயங்காலம் கூலி வாங்கிய கையோடு அன்றைக்கு வேண்டிய நூறு கிராம் எண்ணெய், கால் கிலோ பருப்பு என்று வாங்குகிறார். தினம் ஒரு பில், தினம் ஒரு விடுபடல். தினமும் எட்டணா என்றால் மாதம் பதினைந்து ரூபாய். அவருடைய நாலைந்து நாள் டீ செலவு கூட ஆகாது என்பார்கள். அது அவர் பணம், கடைக்காரன் பணமல்ல.

சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுக்கலாமா?

கூடாது. கேட்காத சாமானைத் தலையில் கட்டுவது வியாபாரமல்ல. அப்படிக் கொடுப்பவர், வாடிக்கையாளர் அடுத்த முறை அதே சாக்லேட்டைக் காசாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மாங்காய் விலை, முட்டை விலையெல்லாம் பைசாவில் சொல்கிறார்களே, அது என்னாகும்?

ஒன்றும் ஆகாது. காசு வேறு, கணக்கு வேறு என்று சொன்னது இதைத்தான்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 50 பைசா குறைத்தால் டன்னுக்கு 500 ரூபாய். ஒரு லோடு பத்து டன் என்றால் 5,000. விவசாயி அந்த எட்டணாவுக்காகப் பேரம் பேசுவதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. நாமக்கல்லில் முட்டை விலையை அறிவிக்கும்போது ஐந்து காசு கூடியது, பத்து காசு குறைந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஐந்து பைசா நாணயம் ஒழிந்து எத்தனையோ காலமாகியும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. மின்கட்டணமும் அப்படியே. 2024 ஜூலைக் கட்டணத்தில் வீடுகளுக்கு 400 யூனிட் வரை யூனிட் 4.80 ரூபாய். பால் சங்கத்திலும் கொழுப்புச் சத்தைப் பார்த்து லிட்டருக்கு ரூபாய்-பைசாவாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். கடைசியில் மொத்தத் தொகை ரூபாயாகக் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வருகிறது.

எனவே ‘பைசாவை ஒழிக்கப் போகிறார்கள், மண்டியில் இனி ரூபாய்க்கு ரூபாய்தான் விலை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு ஏஜென்ட் விலையைக் குறைக்கப் பார்த்தால் சண்டை போடுங்கள்.

ரேஷன் கடையில்?

2017 நவம்பரில் சர்க்கரை விலையை 25 ரூபாய் ஆக்கியபோது, மிகவும் வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டும் பழைய 13.50 ரூபாய் விலையையே வைத்தார்கள். அதாவது அரசாங்கமே ஒரு விலையை ஐம்பது காசில் நிறுத்தியது, அதுவும் ஊரிலேயே ஏழைகளுக்கு. அவர் 14 ரூபாய் கொடுத்தால் மீதி எட்டணாவைக் கொடுக்கக் கடையில் காசு வேண்டும். இல்லையென்றால் 13 ஆக்க வேண்டும். 50 பைசாவை நிறுத்தும் நாளில் இப்படிப்பட்ட அரசு விலைகளை முதலில் கீழே இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு விதி சொல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் எப்போதும் பைசா வருகிறதே?

அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு மாத்திரைக்கு இவ்வளவு என்று பைசா வரை உச்ச விலை நிர்ணயிக்கிறார்கள். அதைப் பத்தாலோ பதினைந்தாலோ பெருக்கி அட்டைக்கு விலை போடுவதால் 23.40 என்பது போன்ற தொகைகள் வருகின்றன. மொத்த பில்லில் ஒரே முறை சரிக்கட்டுகிறார்களா என்று பாருங்கள். உச்ச விலைக்கு மேல் ஏற்றுவதை ஏற்க வேண்டியதில்லை.

அடிக்கிற செலவு காசின் மதிப்பை விட அதிகமாமே?

ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1.11 ரூபாய் ஆகிறது என்று 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதில் செய்தித்தாள்களில் வந்தது. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்துக்கு 3.69, பத்துக்கு 5.54. இதை வைத்து ஒரு ரூபாயால் அரசுக்கு நட்டம் என்று பேசுகிறார்கள். எனக்கு இந்த வாதம் பிடிக்காது. காசு ஒருமுறை கை மாறித் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. இருபது வருஷம் ஓடும். ஒரு ரூபாய் காசு ஆயிரம் கை மாறினால் அதன் செலவு எப்போதோ தேறிவிடும்.

50 பைசாவின் பிரச்சினை வேறு. அது ஓடவே இல்லை. புழக்கத்தில் இருப்பதாக ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கைகள் காட்டும் சிறு நாணயங்களின் மதிப்பு வருஷா வருஷம் சுமார் 700 கோடி ரூபாயிலேயே நிற்கிறது. நாட்டு மக்கள் தொகையில் வகுத்தால் ஆளுக்கு ஐந்து ரூபாய், அதாவது பத்து எட்டணா. உங்கள் பங்குக்கு வர வேண்டிய பத்தும் எங்கே? தகர டப்பாவிலும் சாமி அலமாரியிலும் தூங்குகின்றன. 2019-இல் 1, 2, 5, 10, 20 ரூபாய்க்குப் புது வரிசை நாணயங்கள் வெளியிட்டபோது அதில் 50 பைசா இல்லை. அரசின் மனசும் அதில் தெரிந்துவிட்டது. அறிவிப்பு மட்டும்தான் பாக்கி.

ஒரு ரூபாய் என்று நினைத்து 50 பைசாவை வாங்கிவிடுகிறோமே?

2008 வாக்கில் வந்த, மூடிய கைமுட்டி போட்ட 50 பைசாவும், 2011-இல் சிறுத்துப் போன ஒரு ரூபாயும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே எவர்சில்வர் நிறம். வயதானவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தக் காசை நிறுத்த இதுவும் ஒரு காரணம்.

அப்படியே ஒரு ரூபாயையும் நிறுத்திவிட்டால் என்ன?

மொய்யை என்ன செய்வீர்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் பக்கம் 101, 201, 501, 1,001 என்று ஒற்றை வைத்துத்தான் எழுதுவார்கள். மொய்க் கவரிலேயே ஒரு ரூபாயை ஒட்டி விற்கிறார்கள். தாம்பூலத் தட்டில் அது உண்டு, இறந்தவர் நெற்றியிலும் அது உண்டு. ஆனால் வழக்கம் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். காலணா நெற்றியில் வைத்தவர்களும் உண்டுதானே. அதற்காக மட்டும் ஒரு நாணயத்தை வைத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

என் காரணம் தீப்பெட்டி. 2007-இல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆனது. பதினான்கு வருஷம் அப்படியே நின்று, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. இடையில் ஒன்றரை ரூபாய்க்கு விற்கச் சில்லறை இல்லை. ஒரே தாவலில் இரட்டிப்பு. அதை ஈடுகட்டக் குச்சிகளை 36-லிருந்து 50 ஆக்கினார்கள். மலிவான சாமானின் விலை ஏறும் ஒவ்வொரு படியும் அந்த ஊரில் புழங்கும் சின்னக் காசின் உயரம்தான். இன்றைக்கும் ஷாம்பு பாக்கெட், மிட்டாய், ஊறுகாய் என்று ஒரு ரூபாய்க்கு விற்கும் சாமான் என் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. ஒரு ரூபாயை எடுத்துவிட்டால் அத்தனையும் ஒரே நாளில் இரண்டு ரூபாய். 50 பைசாவுக்கு விற்கிற சாமான் எதுவும் இன்று இல்லை. இரண்டு காசுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்தார்கள்?

நியூசிலாந்து 1990-இல் ஒன்று, இரண்டு சென்ட்டையும் 2006-இல் ஐந்து சென்ட்டையும் நிறுத்தியது. ஆஸ்திரேலியா ஒன்று, இரண்டு சென்ட்டை 1992 முதல் திரும்பப் பெற்றது. எனக்குப் பிடித்தது கனடா முறை. 2012-இல் ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்தி, 2013 பிப்ரவரி 4 முதல் வங்கிகளுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து சென்ட்டுக்குச் சரிக்கட்டு, கார்டில் கொடுத்தால் கடைசி சென்ட் வரை அப்படியே எடு என்று சொல்லிவிட்டார்கள். காசு கையில் இருப்பவர் அதைக் கொடுக்கத் தடையும் இல்லை.

அமெரிக்கா வெகு காலம் இழுத்தது. ஒரு சென்ட் அடிக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் ஆகும் நிலை வந்த பிறகு, 2025 நவம்பரில்தான் புழக்கத்துக்கான கடைசிக் காசை ஃபிலடெல்ஃபியாவில் அடித்தார்கள்.

ஜி-பே, போன்-பே வந்தபிறகு இதெல்லாம் ஒரு விஷயமா?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கொத்தமல்லி விற்கிறவர்கூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார், உண்மை. அதில் 51.50 என்று பைசா சுத்தமாக அனுப்பலாம். ஆனால் போனில் கொடுப்பவருக்கு பைசா மிச்சம், ரொக்கம் கொடுப்பவருக்கு இல்லை என்றால், போன் இல்லாத பாட்டி மட்டும் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? சரியாக 50 வந்தால் வாங்குகிறவர் பக்கம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இதை யார் முடிவு செய்ய வேண்டும்? கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா?

நாணயம் மத்திய அரசுடையது. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் அடிக்கிறார்கள், ரிசர்வ் வங்கி விநியோகிக்கிறது. நிறுத்துவதை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் சொல்ல வேண்டியது வேறு: பத்து ரூபாய் நாணயத்தை மறுக்காதீர்கள் என்று கடைகளுக்கும் வங்கிகளுக்கும் அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டு உண்டியலில் 50 பைசாவும் நாலணாவும் கிடக்கின்றன. என்ன செய்வது?

50 பைசாவை வங்கியில் உங்கள் கணக்கில் கட்டலாம். கிளைகள் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நூறு நூறாக எண்ணி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனால் கேஷியருக்கும் கோபம் வராது. அப்படியும் மறுத்தால் மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் இனி எங்கும் மாறாது. பேரப்பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி ஆடக் கொடுங்கள். செல்லும் காசை உருக்குவதோ வெட்டுவதோ வேண்டாம், அது குற்றம்.

‘பழைய நாணயத்துக்கு லட்ச ரூபாய்’ என்று போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி என்று கேட்பார்கள். இப்படிக் கமிஷன் எதுவும் தாங்கள் வாங்குவதில்லை, இதில் தங்களுக்குத் தொடர்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021-இலேயே எச்சரித்துவிட்டது. ஓடிபி கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.